பாத்ரூமில் என்ன தெரிகிறது, என்ன செய்வது: மலைநாட்டு வீடுகளுக்கு

குளியலறை கழுவச் சொல்லும் குறிப்புகளில் பெரும்பாலானவை வெயில் ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. "வினாகிரியைத் தெளித்துப் 15 நிமிடம் விடுங்கள், கறை தானாகக் கழன்று வரும்" என்று எழுதியிருப்பார்கள். கொழும்பில் வரும். நுவரெலியாவில் வராது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், சுவர் 16 பாகையில் சில்லிட்டுக் கிடக்கும்போது வினாகிரியும் சோம்பேறியாகிவிடும். வெப்பம் 10 பாகை குறைந்தால் இந்த மாதிரி வேலைகள் ஏறக்குறைய பாதி வேகத்துக்கு இறங்கும். ஆகவே எங்கே எந்தக் குறிப்பைப் படித்தாலும், ஊறவைக்கும் நேரத்தை இங்கே இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மூடிய வினாகிரிப் போத்தலை வெந்நீர் வாளியில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டுப் பாவியுங்கள். அடுப்பில் நேராகச் சூடாக்க வேண்டாம், அந்த ஆவி மூக்கை அரித்துவிடும்.

இன்னொன்று. கறை கண்ட உடனே தேய்க்கக் கிளம்பாதீர்கள். ஒரு தேசிக்காயைப் பாதியாக வெட்டி, கறையின் ஓரத்தில் கொஞ்சம் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பொங்கினாலோ நிறம் வெளிறினாலோ அது சுண்ணப் படிவு அல்லது இரும்புக் கறை, புளிப்புக்குக் கட்டுப்படும். எதுவும் ஆகாமல் விரலுக்கு வழவழவென்று இருந்தால் அது சவர்க்காரமும் உடம்பு எண்ணெயும் சேர்ந்த படலம். அப்பச்சோடா அல்லது சாம்பல் வேண்டும். புளிப்புக்கும் மசியாமல், வழவழப்பும் இல்லாமல் கறுப்பாகப் பரவினால் பூஞ்சணம். இது தெரியாமல் தேய்த்தால் கை வலிப்பதுதான் மிச்சம்.

டைல்ஸ் இடுக்கிலும் கூரை மூலையிலும் கறுப்புப் புள்ளிகள்

மலைநாட்டு வீடுகளில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். துடைத்தால் போகும், இரண்டு கிழமையில் அதே இடத்தில் வந்து நிற்கும்.

காரணம் அழுக்கு அல்ல, ஈரம். வெந்நீரில் குளிக்கிறோம், ஆவி எழுந்து சில்லென்ற சுவரில் பட்டு வியர்க்கிறது, அது காய்வதற்குள் அடுத்தவர் குளிக்கப் போகிறார். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை இது மோசமாக இருக்கும். பதுளை, பசறைப் பக்கத்துக்காரருக்கு டிசம்பர், ஜனவரியில்தான் இந்தத் தொல்லை.

காய்ந்த பூஞ்சணத்தை அப்படியே தேய்க்காதீர்கள். தூளாகப் பறந்து மற்ற மூலைகளிலும் விழும். முதலில் நனையுங்கள். பெயின்ட் அடித்த சுவர், டைல்ஸின் முகம், பிளாஸ்டிக் கதவு ஆகியவற்றுக்குத் தண்ணீர் கலக்காத வினாகிரி சரி. தெளித்து இரண்டு மணி நேரம் விட்டு, துணியால் துடைத்து எடுங்கள். கடையில் கிடைக்கும் மலிவான நிறமில்லாத வினாகிரியே போதும். தென்னங்கள்ளில் செய்த நல்ல வினாகிரியை அச்சாறுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸ் இடுக்கு வேறு கதை. அந்த இடுக்கை நிரப்பியிருப்பது சீமெந்து. ஒருமுறை வினாகிரி பட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் கிழமைக்குக் கிழமை ஊற்றினால் அது பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்துவிடும். பிறகு அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, பூஞ்சணத்துக்கு நிரந்தர வீடாகிவிடும். இங்கே அப்பச்சோடாவைத்தான் எடுக்க வேண்டும். மூன்று மேசைக்கரண்டி அப்பச்சோடாவில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகளும் விட்டுக் குழையுங்கள். தேய்ந்துபோன டூத் பிரஷ்ஷின் தும்பைப் பாதியளவுக்கு வெட்டினால் நல்ல விறைப்பாக நிற்கும். குழம்பை இடுக்கில் அப்பி, அரை மணி நேரம் கழித்து அந்தப் பிரஷ்ஷால் இடுக்கின் நீளவாக்கில் இழுத்துத் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு பக்கத்து டைல்ஸுக்குப் போகுமே தவிர வெளியே வராது. முதல் இரண்டு இழுப்பிலேயே சாம்பல் நிறத்தில் சேறு வந்தால் சரியான வழியில் போகிறீர்கள் என்று அர்த்தம்.

அதற்கும் போகாத கறுப்புக்கு பிளீச் இருக்கிறது. ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், 15 நிமிடம், அப்புறம் நன்றாகக் கழுவ வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பிளீச் பட்ட இடத்தில் வினாகிரியோ தேசிக்காயோ, கொமட் கழுவும் அமிலமோ படக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சிறுநீர் தேங்கிய இடத்தில் பிளீச்சை ஊற்றினாலும் வேறொரு நச்சு வாயு வரும். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் கதவையும் அடைத்துக்கொண்டு வேலை பார்ப்பது நம் பழக்கம் என்பதால் மலைநாட்டில் இது இன்னும் ஆபத்து. கண் எரிந்தால், தொண்டை கமறினால், வாளியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்க வேண்டாம்.

டைல்ஸ் இல்லாத சீமெந்துச் சுவர் என்றால் என் ஓட்டு சுண்ணாம்புக்குத்தான். தோட்டத்து லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வெள்ளையடித்த பழைய வழக்கத்தில் அழகு மட்டும் இல்லை. நீற்றிய சுண்ணாம்பு கடும் காரம், அதன் மேல் பூஞ்சணம் சுலபமாகப் பிடிக்காது. சுவரைக் கழுவிக் காயவிட்டு, மெல்லிசாக இரண்டு கை அடித்தால் ஒரு மழைக்காலத்தைத் தாண்டும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைப் போட்டுத் தேய்த்தாலும், காயவைக்காவிட்டால் பூஞ்சணம் திரும்ப வரும். கடைசியாகக் குளிப்பவர் பழைய துவாயால் சுவரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வரட்டும். ஜன்னலைப் பகல் 11 மணியிலிருந்து 2 மணிக்குள் திறந்து வையுங்கள். பின்னேரம் திறந்தால் மூடுபனிதான் உள்ளே வரும். அது இருக்கிற ஈரத்தையும் கூட்டிவிடும்.

கொமட்டிலும் பேசினிலும் செம்மண் நிறக் கோடு

இதில் இரண்டு சாதி உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான், வைத்தியம் மட்டும் வேறு.

எது உங்கள் வீட்டில் என்று அறிய, நிறமில்லாத போத்தல் ஒன்றில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மூடாமல் ஜன்னலோரம் ஒரு இரவு வையுங்கள். பிடிக்கும்போதே கலங்கலாக இருந்து, காலையில் அடியில் மண் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது வெறும் சேறு. பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருந்து, காலையில் மஞ்சளோடி, தட்டினால் செம்மஞ்சள் துகள் மிதந்தால் அது இரும்பு. தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாக மாறிவிட்டது.

சேற்றுக்குப் பெரிய வைத்தியம் எதுவும் இல்லை. மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டு எடுக்கும் வீடுகளில் ஒரு பெரிய மழை பெய்தால் இரண்டு நாளைக்கு மண் வரத்தான் செய்யும். குழாய் வாயில் பருத்தித் துணியை நான்காக மடித்துக் கட்டுங்கள், ஒவ்வொரு நாளும் கழற்றி அலசுங்கள். தொட்டித் தண்ணீருக்குள் ஒரு துண்டுப் படிகாரத்தைப் பிடித்து சில சுற்றுச் சுற்றினால் மண் கீழே அமரும். பேசினில் படிந்ததை எடுக்கச் சவர்க்காரமும் தும்பும் போதும்.

இரும்புக் கறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெள்ளையாக்க வேண்டும் என்று பிளீச்சை ஊற்றுவார்கள். பிளீச் துருவை எடுக்காது, இன்னும் ஆழமாகப் பதித்துவிடும். இதற்குப் புளிப்பு வேண்டும். பிழிந்து வீசும் தேசிக்காய்த் தோலில் உப்பைத் தொட்டுத் தேய்த்து, ஒரு மணி நேரம் விட்டு, மீண்டும் தேயுங்கள். செங்குத்தான இடத்தில் சாறு நிற்காது. பழைய துணியை வினாகிரியில் தோய்த்துக் கறையின் மேல் ஒட்டிவிட்டால் இரவு முழுக்க வேலை செய்யும். கொமட்டுக்குள் தண்ணீர் மட்டத்தில் இருக்கும் வளையத்துக்கு, முதலில் தண்ணீரைப் பிரஷ்ஷால் உள்ளே தள்ளி மட்டத்தை இறக்க வேண்டும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஊற்றும் வினாகிரி வீண்.

கண்டி, கம்பளை போன்ற கொஞ்சம் சூடான பக்கத்தில் வீட்டு வளவில் பிலிம்பிக்காய் மரம் இருந்தால் அதிர்ஷ்டம். அதில் இருக்கும் ஒக்சாலிக் அமிலம் துருவுக்குத் தேசிக்காயைவிட ஒரு படி மேல். பழுத்து விழுந்ததை நசுக்கி அப்பினால் போதும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. குடித்து மிஞ்சிய தேத்தண்ணியையும் மண்டியையும் பேசினில் கொட்டுவோம். தண்ணீரில் இரும்பு இருக்கும் வீட்டில் தேயிலையில் இருக்கும் டனின் என்ற துவர்ப்புப் பொருள் அதோடு சேர்ந்து கறுத்துவிடும். அந்தக் காலத்தில் எழுதும் மை செய்ததும் இதே முறையில்தான், அதனால் அந்தக் கறை இலேசில் போகாது. பலர் அதைப் பூஞ்சணம் என்று நினைத்து பிளீச்சைத் தேடுவார்கள். இதற்கும் தேசிக்காயும் உப்பும்தான். இரும்பு இல்லாத தண்ணீரில் வெறும் தேயிலைச் சாயம் பழுப்பாகப் படிந்திருந்தால், ஈரத் துணியில் அப்பச்சோடாவைத் தொட்டுத் துடைத்தால் ஒரு நிமிட வேலை.

சீமெந்துத் தரை பச்சையாகி வழுக்குகிறது

பாசி. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் விட இதை முதலில் பாருங்கள்.

சீமெந்துக்குத் தேசிக்காய், வினாகிரி எதுவும் வேண்டாம். புளிப்பு மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கும், அந்தச் சொரசொரப்பில் பாசி இன்னும் நன்றாக வேர் பிடித்த மாதிரி உட்காரும். காவி போட்டு மினுக்கிய சிவப்பு சீமெந்து என்றால் ஒரே நாளில் மங்கிப் போகும்.

அடுப்புச் சாம்பல் இருக்கும் வீட்டுக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை. கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி) எரித்த சாம்பலைச் சல்லடையில் சலித்து, கரித்துண்டும் ஆணியும் இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். தரையை நனைத்து, கைப்பிடி கைப்பிடியாகத் தூவி, தும்புத்தடியால் தேய்த்து, அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். சாம்பலில் இருக்கும் காரம் பாசியைக் கொல்லும், அதன் பருவெட்டு அதைச் சுரண்டி எடுக்கும். கைக்குக் கடையில் சாமான் போட்டுத் தரும் பொலித்தீன் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள், ஈரச் சாம்பல் தோலை உரிக்கும். சிவப்புத் தரைக்குச் சாம்பலும் கொஞ்சம் முரடு. அங்கே அப்பச்சோடா போதும். காஸ் அடுப்பு மட்டும் இருக்கும் வீட்டிலும் அப்பச்சோடாவும் கல் உப்பும் கலந்து தேய்க்கலாம், ஆனால் உப்புத் தண்ணீர் கறிவேப்பிலை அடியில் போய்ச் சேராமல் பாருங்கள். வீட்டுக்கு வெளியே பீலியடியில் குளிக்கும் கல்லுக்கும் இதே முறைதான்.

தரையில் வட்டமாகக் கறுப்பு அடையாளம்

பயப்பட வேண்டாம். விறகடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்ப் பானையின் அடிக்கரி. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் காய்ந்த பேப்பரால் ஒற்றி எடுங்கள், பிறகு சவர்க்காரம். முதலிலேயே தண்ணீர் பட்டால் தரை முழுக்கப் பரவிவிடும். பானைக்குக் கீழே ஒரு சாக்கைப் போட்டுவிட்டால் இந்தத் தலைப்பே தேவையில்லை.

தண்ணீர் மெதுவாக இறங்குகிறது

எண்ணெய் தேய்த்துக் குளித்த மறுநாள் இது தொடங்கியிருந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறையும். தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் அது போத்தலுக்குள்ளேயே வெள்ளையாக உறைந்து நிற்பதைத் தினமும் பார்க்கிறோம். கழுவி விட்ட எண்ணெய் கழிவுக்குழாய்க்குள் மட்டும் உருகியா இருக்கும்? வெந்நீரோடு வளைவு வரை போய், அங்கே குளிர்ந்து, ஒட்டி, பின்னால் வரும் தலைமயிரையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முதலில் மயிரை எடுங்கள். கழிவுத் துவாரத்தை மூடியிருக்கும் தட்டைக் கழற்றி, நல்ல தடித்த தென்னை ஈர்க்கு இரண்டின் நுனியில் கத்தியால் மேல்நோக்கிச் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு, உள்ளே விட்டு முறுக்கி இழுத்தால் கொத்தாக வரும். அருவருப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் எதை ஊற்றியும் பிரயோசனம் இல்லை.

அடுத்தது எண்ணெய். பாத்திரம் கழுவும் திரவம் அரைக் கோப்பை ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு வாளி வெந்நீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கை வைக்க முடியாத சூடு போதும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்றாலும், பிவிசி குழாய் இளகுவதற்கு அதுவே அதிகம். சுடுநீர் பட்டால் பீங்கான் கொமட்டிலும் வெடிப்பு விழலாம், ஆகவே அங்கே இந்த வைத்தியமே கூடாது.

அப்பச்சோடாவைப் போட்டு அதன் மேல் வினாகிரியை ஊற்றச் சொல்லும் குறிப்பு எல்லா இடத்திலும் சுற்றுகிறது. பொங்கி நுரைப்பதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். இலேசாகப் படிந்த வழும்பை அந்த நுரை கொஞ்சம் தளர்த்தலாம், அடைப்பை எடுப்பது பின்னால் ஊற்றும் வெந்நீர்தான். இரண்டையும் கலந்து போத்தலில் அடைத்து வைக்கச் சொல்பவரை நம்பவே நம்பாதீர்கள், போத்தல் வெடிக்கும்.

கழுவிய பிறகும் நாற்றம்

நாற்றம் எங்கிருந்து என்று மூக்கை நம்பித் தேடுங்கள்.

தரைத் துவாரத்திலிருந்து சாக்கடை வாடை என்றால், வளைகுழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கலாம். பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் திறக்கும் வீடுகளில் இது வழக்கம். இரண்டு ஜக் தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும். மறுபடி பூட்டிவிட்டுப் போகும்போது தண்ணீருக்கு மேலே ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதமாகும். தேங்காயெண்ணெய் வேண்டாம், காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

கொமட்டின் அடியைச் சுற்றி மூத்திர வாடை என்றால் அங்கே உப்பாகப் படிந்திருக்கிறது. வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து இரண்டு மணி நேரம் கழித்துத் துடைக்கவும். இங்கே பிளீச் கூடாது என்று மறுபடி ஒருமுறை சொல்லி வைக்கிறேன்.

குழிக் கக்கூஸ் என்றால், போய் வந்த ஒவ்வொரு முறையும் ஒரு சிரட்டை காய்ந்த சாம்பல். வாடையும் குறையும், ஈயும் குறையும். குழிக்குள்ளும் மலக்குழித் தொட்டிக்குள்ளும் கிருமிநாசினியை வாளிக் கணக்கில் கொட்டாதீர்கள், கழிவை உக்கவைக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்து செத்தால் குழி சீக்கிரம் நிறையும்.

சுவரில் சின்னக் கறுப்பு ஈக்கள் சிறகை விரித்து அசையாமல் உட்கார்ந்திருந்தால், அவை பிறப்பது கழிவுக்குழாய் வழும்பில். மருந்து அடித்தால் இன்றைக்குச் சாகும், நாளைக்கு அடுத்த கூட்டம் வரும். தட்டைக் கழற்றி, கை எட்டும் வரை குழாயின் உட்சுவரைப் பழைய பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள்.

குழாய், ஷவர், கண்ணாடி

மலை ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர், அதனால்தான் சவர்க்காரம் லேசில் கழுவுப்படாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். குழாயில் வெள்ளைப் படிவு அதிகம் சேராது. திகன, மாத்தளை போன்று டொலமைட் கல் உள்ள பக்கங்களில் சேரலாம். வினாகிரித் துணியை அரை மணி நேரம் சுற்றி வையுங்கள், அதற்கு மேல் விட்டால் குரோம் பூச்சு மங்கும். பித்தளைக் குழாய்க்குப் புளியும் உப்பும். ஷவரில் ஓட்டை அடைத்தால் சுண்ணமாக இருப்பதைவிட மணலும் இலைத் தூளுமாக இருக்கத்தான் வாய்ப்பு, கழற்றித் தட்டிப் பார்த்துவிட்டு வினாகிரியைத் தேடுங்கள். கண்ணாடியில் ஆவி பிடிக்காமல் இருக்க, காய்ந்த சவர்க்காரக் கட்டியால் நான்கு கோடு இழுத்து, பழைய பேப்பரால் கோடு மறையும் வரை துடையுங்கள். சில நாளைக்குத் தாங்கும்.

எதற்குமே அசையாத கறை

கறையைக் காயவைத்து நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் வழுக்காமல் சொரசொரவென்று மாட்டினால், அங்கே பீங்கானின் மினுக்கே போய்விட்டது. மணலாலும் கம்பித் தும்பாலும் வருடக்கணக்கில் தேய்த்த பேசின்களில் இது நடக்கும். அழுக்கு இப்போது மேலே இல்லை, நுண்ணிய துளைகளுக்குள் இருக்கிறது. எடுத்தாலும் சில நாளில் திரும்பும். இன்னும் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் பெரிதாகுமே தவிர வெள்ளையாகாது. மாற்றக் காசு வரும் வரை, கிழமைக்கு ஒருமுறை அப்பச்சோடாவை மென்மையான துணியில் தொட்டுத் துடைத்து, உடனே ஈரம் ஒற்றி எடுத்து வைத்துக்கொண்டால் கறுத்துப் போகாமல் ஓட்டலாம்.